எபிதீலிய உயிரணுக்களின் துருவத்தன்மையும் புரதப் போக்குவரத்தும்

குடல், சிறுநீரக நுண்குழல் முதலியவற்றின் உட்பரப்பைப் போர்த்தி நிற்கும் எபிதீலியத் திசுவின் ஒவ்வோர் உயிரணுவும், குழலின் உள்வெளியை நோக்கிய மேல்முகம் என்றும், அண்டை அணுக்களையும் அடித்தளச் சவ்வையும் தொட்டு நிற்கும் அடிமுகம் என்றும் இரு பிரதேசங்களாகப் பிரிந்து, அவற்றில் வெவ்வேறு புரதங்களைத் தாங்கியிருக்கும் இயல்பு துருவத்தன்மை எனப்படும். ஒருமுறை அமைந்தபின் தானே நிலைத்துவிடும் தன்மையன்று இது. புரதங்கள் இடைவிடாது உரிய முகத்துக்கு அனுப்பப்படுவதனாலும், உள்ளே திரும்பியவை மீண்டும் அங்கேயே சேர்க்கப்படுவதனாலும் நிலைபெறுவது.

சிறுகுடல் அணுவில், சோடியத்தோடு சேர்த்துக் குளுக்கோஸை உள்ளிழுக்கும் புரதம் மேல்முகத்திலும், அந்தச் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை ஏற்கும் பம்பும், குளுக்கோஸை இரத்தத்தின் பக்கம் விடும் புரதமும் அடிமுகத்திலும் அமைந்திருப்பதனாலேயே, உண்ட சர்க்கரை ஒரே திசையில் சென்று உடலைச் சேர்கிறது. அணுக்களைப் பிணைக்கும் இறுக்கச் சந்திகள் இரு முகத்துப் புரதங்களும் கலவாதபடி வேலியாக நிற்பினும், எது எங்கே சேரவேண்டும் என்று நிர்ணயிக்கும் சக்தி வேலிக்கு இல்லை.

அந்த நிர்ணயம் பெரும்பாலும் கோல்கி உறுப்பின் வெளிவாயிலிலும் எண்டோசோம்களிலும் நிகழ்கிறது. எண்டோபிளாச வலையில் உருவாகிக் கோல்கியைக் கடந்துவரும் சவ்வுப் புரதங்களுள், டைரோசின் அடங்கிய குறியைத் தம் வாற்பகுதியில் உடைய பல, ஏபி-1பி என்னும் இணைப்புத் தொகுதியால் இனங்காணப்பட்டு, நுண்பைகளில் ஏறி அடிமுகம் செல்கின்றன. சர்க்கரைச் சங்கிலியோ கொழுப்பு நங்கூரமோ குறியாக அமைந்த பல, மேல்முகம் சேர்கின்றன. கல்லீரல் அணுவிலோ மேல்முகத்துக்குரிய பல புரதங்கள் முதலில் அடிமுகம் சென்று, பின்னர் அணுவின் ஊடே கடந்து பித்த நுண்குழலை அடைகின்றன.

இப்பாகுபாட்டை 1978இல் என்ரிக்கே ரோட்ரிகஸ்-பூலானும் டேவிட் சபாதினியும் வைரஸ்களைக் கொண்டு புலப்படுத்தினர். மேடினும் டார்பியும் 1958இல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த எம்.டி.சி.கே. அணுக்களில், இன்புளூயன்சா வைரஸ் மேல்முகத்திலும், வெசிக்குலர் ஸ்டொமாட்டைட்டிஸ் வைரஸ் அடிமுகத்திலும் அரும்பி வெளிவந்தன. அவற்றின் உறைப் புரதங்களும் அந்தந்த முகத்துக்கே அனுப்பப்படுவது பின்னர்த் தெளிவாயிற்று.

பார், கிரம்ப்ஸ், ஸ்கிரிபிள் முதலிய துருவப் புரதத் தொகுதிகள் எல்லைகளை வகுத்துப் போக்குவரத்துக்கு வழிகாட்டுகின்றன. ஆயினும் கிரம்ப்ஸ் தானும் நுண்பைகளால் மேல்முகத்துக்குக் கொண்டுவரப்படும் புரதமே ஆதலின், இத்தொகுதிகளும் போக்குவரத்தும் ஒன்றையொன்று சார்ந்தே நிற்கின்றன. நுண்பைகளை ஆக்டின் இழைவழியே நகர்த்தும் மயோசின்-5பி புரதத்தின் மரபணு பழுதுற்றால், குடலணுவின் மேல்முகத்தில் நுண்விரலிகள் குன்றி, அணுவினுள்ளேயே குமிழ்களில் அடைபட்டுக் காணப்படுகின்றன. இந்நோயுடைய குழந்தைகளுள் பலர் பிறந்த சில நாட்களிலேயே தீராத நீர்ப்பேதிக்கு ஆளாகி, சிரைவழி ஊட்டத்தையோ குடல் மாற்றுச் சிகிச்சையையோ நம்பியே உயிர்வாழ நேர்கிறது.