புத்தர் கதை எழுதிய ரங்கூன் ஆயர்

1858இல் ரங்கூனில் ஓர் ஆங்கில நூல் அச்சேறியது. கௌதம புத்தரின் வாழ்க்கையைப் பர்மிய மூலத்திலிருந்து மொழிபெயர்த்து, விரிவான குறிப்புகளுடன் தந்த நூல் அது. எழுதியவர் பிக்கு அல்லர். ஆங்கிலேய அதிகாரியும் அல்லர். போல் அம்புரோஸ் பிகாந்தே என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்க ஆயர்.

பிகாந்தே 1813இல் கிழக்குப் பிரான்சின் மாலான் என்ற சிற்றூரில் பிறந்தார். பெசன்சோனில் குருமடப் படிப்பு. பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையில் சேர்ந்து, 1837இல் குருப்பட்டம் பெற்றதும் கீழ்த்திசைக்குப் புறப்பட்டார். புதுச்சேரியில் நம்மவரிடையே ஊழியம் செய்த அதே சபைதான் இது. முதலில் தெனாசரிம் கடற்கரை. அங்கேதான் பர்மிய மொழி வாய்த்தது. பிறகு பினாங்கு, மலாக்கா பகுதிகளில் பல ஆண்டுகள். புத்தர் கதையின் பகுதிகள் முதலில் சிங்கப்பூரின் ஆய்விதழ் ஒன்றில்தான் வெளிவந்தன. 1856இல் பர்மா மறைபரப்புப் பொறுப்பை ஏற்று ரங்கூன் வந்தார். 1894இல் அங்கேயே காலமானார்.

மதம் பரப்ப வந்தவர் மாற்று மதத்தின் கதையை ஏன் எழுத வேண்டும்? யாரிடையே வாழப்போகிறோமோ அவர்களுடைய மனத்தை அறியாமல் பேசிப் பயனில்லை என்பது ஒரு காரணம். ஆனால் நூலைப் படித்தால் அதற்கும் மேலே ஒன்று தெரிகிறது. பௌத்த ஒழுக்க நெறிகளுக்கும் தம் வேதத்தின் அறநெறிகளுக்கும் உள்ள ஒற்றுமையை அவர் மறைக்கவில்லை. பிக்குகளின் வாழ்க்கை முறைக்கென்று தனிப் பகுதியே எழுதினார். அதே சமயம், கடவுளைப் பேசாத நெறி அவருக்கு உடன்பாடில்லை; நிப்பானம் என்பது வெறும் அழிவு என்றே கருதினார். தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமலே பிறர் நம்பிக்கையைக் கவனமாகக் கேட்டுப் பதிவு செய்தவர் அவர். மாண்டலேயில் ஆண்ட மிண்டோன் மன்னரும் அவரை மதித்தார்.

அவர் ரங்கூனில் இருந்த ஆண்டுகளில்தான் தமிழர் வருகையும் பெருகியது. 1852 போருக்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. நெல் வயல்கள் விரிந்தன. செட்டியார்களின் முதல், கூலிகளின் உழைப்பு, கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் என்று கப்பல் கப்பலாக வந்தார்கள். கத்தோலிக்கத் தமிழரும் அவர்களில் உண்டு. பிகாந்தே இறந்த மறு ஆண்டு பணி தொடங்கி 1911இல் எழுந்து நின்ற புனித மரியாள் பேராலயம், யாங்கூனில் இன்றும் இருக்கிறது.

அதே ஊரில் 1938 ஜூலையில் இன்னொரு நூல் பேசுபொருளாயிற்று. பௌத்தத்தை இழிவுபடுத்துவதாகச் சொல்லப்பட்ட நூல் அது. ஷ்வேடகோனில் கண்டனக் கூட்டம் கூடியது. பின் கலவரம் மூண்டது. தாக்குதல் முஸ்லிம்கள் மீது, குறிப்பாக இந்திய முஸ்லிம்கள் மீது பாய்ந்தது. நூல் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. விளைநிலம் கடனில் செட்டியார் கைக்குப் போன கசப்பும், வேலைக்கான போட்டியும், அந்நிய ஆட்சி மீதான கோபமும் முன்பே புகைந்துகொண்டிருந்தன. ஆனாலும் பொறியாக அமைந்தது நூல்தான். பிகாந்தேயின் புத்தர் கதை வெளிவந்து அப்போது 80 ஆண்டுகள்.

நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன ரங்கூன் கதைகளில் தேக்கும் அரிசியும் வரும்; 1942இல் காடு மலை கடந்து நடந்த துயரம் வரும்; 1960களில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும் வெறுங்கையுடன் கப்பலேறியதும் வரும். பக்கத்து வீட்டுப் பர்மியர் எதை நம்பினார், விகாரையில் என்ன ஓதக் கேட்டார் என்பது அந்தக் கதைகளில் அரிதாகவே வரும். இது அவர்கள் மீதான குற்றச்சாட்டல்ல. வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்களுக்கு அதற்கு நேரம் ஏது? ஆனால் டொரன்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் ஓரளவு நிலைபெற்றுவிட்ட நமக்கு அந்தச் சாக்கு இல்லை.