ஓரணாச் சிற்றுண்டியும் புளியந்தோப்பு நெருப்பும்

சென்னை ரிப்பன் கட்டடத்தின் முன்னே நிற்கும் சிலையை நம் இளைஞர்கள் பலமுறை கடந்து சென்றிருப்பர். தியாகராய நகர் என்னும் பெயரை நாள்தோறும் உச்சரிக்கின்றனர். ஆயினும், அந்தத் தியாகராயர் யார், அவருக்கும் நமக்கும் உள்ள தொடர்பு யாது என்று கேட்டால் விடை இருவிதமாக வரும். "பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர்" என்பர் சிலர். "நம்மைக் கைவிட்ட கட்சியின் தலைவர்" என்று முகம் சுளிப்பர் முதியோர் சிலர். இரண்டும் மெய்யே. கல்விக்கென அமைந்த ஒரு சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது முறையாகாது எனக் கருதி இரண்டையும் எழுதத் துணிந்தேன்.

பிட்டி தியாகராயர் 1852-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் தெலுங்கு பேசும் தேவாங்கர் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். அந்நாளில் பட்டம் பெற்றவர் அரசாங்க உத்தியோகத்தையோ வக்கீல் தொழிலையோ நாடுவதே வழக்கம். இவரோ தம் குடும்பத் தொழிலுக்கே திரும்பினார். நெசவு, தோல் பதனிடுதல், உப்பு, சுண்ணாம்பு எனப் பல துறைகளில் அக்குடும்பத்தின் வாணிகம் பரவியிருந்தது. (தோல் பதனிடும் தொட்டிகளில் எவருடைய கைகள் நனைந்தன என்பதை நம் முதியோருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.) நெசவில் அவர் செய்த மாறுதல் குறிப்பிடத்தக்கது. பழைய தறியில் நெசவாளி ஒரு கையால் நாடாவை எறிந்து மறு கையால் பிடிக்கவேண்டும். விசை நாடாத் தறியிலோ ஒரு கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும். அகலமான துணியையும் ஒருவரே விரைந்து நெய்யலாம். அத்தகைய தறிகள் ஏறத்தாழ நூறு கொண்ட நெசவுச்சாலை ஒன்றை அவர் நடத்தினார். தென்னிந்திய வர்த்தக சபையைத் தோற்றுவித்தோரில் அவர் முக்கியமானவர். பல்லாண்டுகள் அதன் தலைவராகவும் விளங்கினார்.

வாணிகரான அவர் பொதுவாழ்வுக்கு வந்தது நகராட்சியின் வாயிலாக. 1882-இல் சென்னை நகராண்மைக் கழகத்தில் உறுப்பினரானவர், ஏறக்குறைய நாற்பதாண்டுகள் அங்கேயே பணியாற்றினார். சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு, தொடக்கப்பள்ளி என்று நாள்தோறும் கணக்குப் பார்க்கும் வேலை அது. கணக்குப் பார்த்துப் பழகிய வாணிகருக்கு அது பொருந்தி வந்தது போலும். பின்னர் அக்கழகத்தின் தலைவர் பதவியும் அவரைத் தேடி வந்தது.

அவர் சமயப்பற்று மிக்கவர்; கோயில் திருப்பணிகளுக்கு அள்ளிக் கொடுத்தவர். மயிலைக் கபாலீசுவரர் கோயில் குடமுழுக்குக்குப் பதினாயிரம் ரூபாய் நன்கொடை தந்தும், பார்ப்பனர் அமர்ந்திருந்த மேடையில் அவருக்கு இடமில்லை என மறுக்கப்பட்டது என்பது அவர் வரலாற்றைச் சொல்வோர் தவறாது கூறும் செய்தி. பணமிருந்தும் படிப்பிருந்தும் பிறப்பினால் தள்ளி நிறுத்தப்படுவது எத்தகைய வேதனை என்பதை அவர் ஒருநாள் அறிந்தார். கோயில் மதிலுக்கு வெளியே நின்ற நம் முன்னோர் அதை நாள்தோறும் அறிந்திருந்தனர்.

1916-ஆம் ஆண்டு நவம்பரில் டாக்டர் டி. எம். நாயர், டாக்டர் சி. நடேசனார் ஆகியோருடன் கூடி அவர் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். டிசம்பரில் அவர் பெயரால் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. அடுத்த ஆண்டு "ஜஸ்டிஸ்" என்னும் ஆங்கில நாளேடு தொடங்கப்பெற்று, அப்பெயராலேயே கட்சியும் நீதிக்கட்சி என வழங்கலாயிற்று. தாழ்த்தப்பட்டோர் இவ்வியக்கத்தை நம்பிக்கையோடு வரவேற்றனர். 1917 அக்டோபரில் ஸ்பர்டாங்கு சாலையில் நம் மக்கள் கூடிய கூட்டத்தில் டாக்டர் நாயர் ஆற்றிய உரை பெரிதும் போற்றப்பட்டது. எம். சி. ராஜா அவர்களும் அக்கட்சியோடு இணைந்து நின்றார்.

1920 தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. ஆளுநர் வெலிங்டன் பிரபு தியாகராயரையே அமைச்சரவை அமைக்க அழைத்தார். அவர் மறுத்துவிட்டார், கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். கைக்கு எட்டிய பதவியை வேண்டாம் என்றவர்கள் அரசியலில் மிகச் சிலரே. எப்போதும் வெள்ளுடையே உடுத்தியதால் "வெள்ளுடை வேந்தர்" என மக்கள் அவரை அழைத்தனர்.

இனி, நம் சங்கத்தார் நன்றியோடு நினைக்கவேண்டிய செயலுக்கு வருவோம். 1920 செப்டம்பர் 16-ஆம் நாள், தியாகராயர் தலைமையில் கூடிய நகராண்மைக் கழகம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம்விளக்குப் பகுதியிலிருந்த கழகப் பள்ளியின் மாணவருக்கு, நாளொன்றுக்குத் தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கலாம் என்பது அது. அப்பள்ளியில் பயில்வோர் ஏழைப் பிள்ளைகள் என்றும், அதனாலேயே பள்ளியின் எண்ணிக்கை அடிக்கடி குறைகிறது என்றும் தலைவர் எடுத்துரைத்தார். பசித்த பிள்ளை பள்ளிக்கு வாராது; வந்தாலும் அதன் செவியில் பாடம் ஏறாது. இதை அறியப் பெரும் ஆராய்ச்சி வேண்டுவதில்லை. ஆனால் அதற்கெனப் பொதுப்பணத்தில் ஓரணா ஒதுக்கவேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதுதான் பெரிது. திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23-இல் 811-ஆக இருந்த ஐந்து பள்ளிகளின் மாணவர் தொகை 1924-25-இல் 1,671 ஆயிற்று. அதாவது, இரண்டே ஆண்டுகளில் இரு மடங்குக்கு மேல்!

அத்தீர்மானம் நிறைவேறி ஒன்பது திங்கள் கழித்து, அதே நகரத்தின் எல்லைக்குள் புளியந்தோப்பு எரிந்தது.

1921-இல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் மூண்டது. தொழிலாளரின் குறைகள் உண்மையானவை. வெள்ளை முதலாளிகளின் கெடுபிடியும் உண்மையானதே. ஆனால் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குச் செல்வதென முடிவு செய்தனர். ஒருநாள் கூலி நின்றால் மறுநாள் அடுப்பெரியாத வீடுகள் அவர்களுடையவை. எம். சி. ராஜாவும் அவ்வாறே அறிவுறுத்தினார். அம்முடிவு தொழிற்சங்க நோக்கில் சரியா என்று இன்றும் வாதிடலாம். நான் அவ்வாதத்தில் இறங்கவில்லை. அதற்குக் கிடைத்த மறுமொழி மட்டும் தொழிற்சங்க மறுமொழி அன்று, சாதி மறுமொழி. சூன் 28-ஆம் நாள் இரவு புளியந்தோப்பில் நம் மக்களின் குடிசைகள், ஏறத்தாழ நூறு, தீக்கிரையாயின. பல மாதங்கள் கலவரம் ஓயவில்லை. ஆகஸ்டில் பெரம்பூரில் காவலர் சுட்டதில் வேலைநிறுத்தக்காரர் சிலர் மாண்டனர். இருபுறமும் செத்தவர்கள் ஏழைகளே.

அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. வீடிழந்தோருக்காக அக்கட்சி வாதாடியிருக்கவேண்டும். நடந்தது வேறு. அதன் ஏடான "ஜஸ்டிஸ்", தொழிலாளர் இலாகா அதிகாரிகள் ஆதிதிராவிடருக்கு அளவுக்கு மீறிச் சலுகை காட்டியதே கலவரத்துக்கு ஒரு காரணம் என்று எழுதியது. அந்த இலாகா யாது? நம் மக்களுக்கு வீட்டுமனையும் கிணறும் பள்ளியும் தருவதற்கென அப்போதுதான் முனைந்திருந்த இலாகா அது. "லேபர் பள்ளி" என்று நம் பாட்டனார் சொல்லக் கேட்டிருப்பீர்களே, அப்பள்ளிகளை நடத்தியதும் அதுவே. பின்னாளில் அரிசன நலத்துறை என்றும், ஆதிதிராவிடர் நலத்துறை என்றும் பெயர் மாறியதும் அதுவே. ஓரணாச் சிற்றுண்டிக்கு வழிகண்ட தலைவரின் கட்சிக்கு, சேரிப் பிள்ளைக்கு ஒரு பள்ளி தருவது சலுகையாகத் தோன்றியது.

இதைத் தியாகராயரின் தனிப்பட்ட கொடுமை என்று சொல்ல எனக்கு மனமில்லை. கட்சியின் வாக்காளரில் வேலைநிறுத்தம் செய்த சாதி இந்துக்களின் உற்றார் உறவினர் மிகுதி; அவர்களுக்கும் நமக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேளை வந்தது. வாக்குக் குறைந்தவர் பக்கம் தராசு தாழவில்லை. ஆனால் அவர் கட்சியின் தலைவர்; நகரத்தின் மூத்த தலைமகன். அவர் குரல் எழுந்திருந்தால் கேட்டிருப்பர். ஆதலின் அவரை அப்பழியினின்று முற்றும் விடுவிக்கவும் என்னால் இயலவில்லை.

எம். சி. ராஜா உடனே வெளியேறிவிடவில்லை. சட்டசபையில் அமர்ந்தே போராடி, 1922-இல் "பறையர்", "பஞ்சமர்" என்னும் சொற்களுக்கு மாற்றாக "ஆதிதிராவிடர்" என அரசு ஏடுகளில் வழங்கும்படி செய்தார். உத்தியோகங்களில் நம்மவர்க்கு உரிய பங்கு கிட்டாமை கண்டு, 1923-இல் நீதிக்கட்சியை விட்டு விலகினார். பார்ப்பனரல்லாதார் என்னும் பெயரில் நாமும் அடங்குவோம் என்ற நம்பிக்கை அன்றோடு பெரிதும் தளர்ந்தது.

சிற்றுண்டித் திட்டமும் நீடிக்கவில்லை. தொடக்கக்கல்வி நிதியிலிருந்து அச்செலவைச் செய்யக்கூடாது என அரசு தடுத்ததால், 1925 ஏப்ரல் முதல் நாளோடு அது நின்றது. அவ்வாண்டிலேயே தியாகராயரும் மறைந்தார். 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவியது. 1982-இல் அது சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. சேரியிலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்ற நம் தலைமுறையினருள், தட்டை ஏந்தி அவ்வரிசையில் நிற்காதவர் சிலரே. நானும் நின்றவன்தான்.