சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுகள்: தேர்வு மண்டபம் முதல் கிண்டி ஆய்வகம் வரை

1857 செப்டம்பர் 5 அன்று சட்டத்தின் வழி தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஆய்வு என்பது முதலில் ஒரு கடமையாகவே வகுக்கப்படவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில், கல்லூரிகளை இணைத்துக்கொள்வது, தேர்வு நடத்துவது, பட்டம் கொடுப்பது என்ற மூன்றோடு அதன் பணி முடிந்தது. சொந்தமாக ஆசிரியர் இல்லை, வகுப்பறையும் இல்லை. அதன் முதல் இளங்கலைப் பட்டதாரிகளாகிய சி.வை. தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை ஆகிய இருவருமே யாழ்ப்பாணத்தார். தாமோதரம் பிள்ளை பிற்காலத்தில் ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டுத் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். இன்றைய கணக்கில் முதல்தரமான பாட ஆய்வுதான். ஆனால் அது முழுக்கப் பல்கலைக்கழகத்திற்கு வெளியே, சொந்தப் பணத்திலும் நன்கொடையிலும் நடந்தது.

1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் இந்நிலையை மாற்ற இடம் கொடுத்தது. பேராசிரியர்களை நியமிக்கவும், ஆய்வகங்களும் நூலகங்களும் அமைக்கவும் பல்கலைக்கழகங்கள் அதிகாரம் பெற்றன. சென்னை அதைப் பயன்படுத்தப் பத்தாண்டு பிடித்தது. 1914இல் இந்திய வரலாறு, தொல்லியல் துறைக்கு எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் பேராசிரியரானார். 1915இல் பொருளியலுக்கு இங்கிலாந்திலிருந்து கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார்.

இவர்களுக்கும் முன்பே, 1913 மே மாதத்தில், பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு உதவித்தொகை அளித்திருந்தது. பெற்றவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த எஸ். ராமானுஜன். தொகை மாதம் 75 ரூபாய். காலம் இரண்டு ஆண்டு. அவரிடம் பட்டம் எதுவும் இல்லாததால் விதியைத் தளர்த்திக் கொடுக்க வேண்டியிருந்தது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறுமுன் அவர் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். வரையறுத்த தொகையீடுகளைக் கணக்கிட அவர் கையாண்ட, பின்னாளில் 'ராமானுஜனின் தலைமைத் தேற்றம்' என்று பெயர் பெற்ற முறை இவ்வறிக்கைகளில்தான் விளக்கப்பட்டுள்ளது. அலுவலக விதி ஒன்று கணிதத்திற்குச் செய்த உபகாரம் என்று இதைச் சொல்லலாம். குறிப்பேடுகளில் முடிவுகளை மட்டுமே எழுதிவந்தவர், அறிக்கைக்காகவே காரணங்களையும் எழுத நேர்ந்தது. அவருடைய குறிப்பேடுகள் பல்கலைக்கழக நூலகத்திற்கு வந்து சேர்ந்தன.

ஸ்லேட்டர் கையாண்ட வழி வேறு. கல்லூரி மாணவர்களிடம் வினாப்பட்டியல் கொடுத்து, விடுமுறைக்குச் செல்லும் ஊரிலேயே நிலம், கூலி, கடன், சாதி, கால்நடை பற்றி விசாரித்து எழுதிவரச் செய்தார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடஆர்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் நிலவரம் இவ்வாறு திரண்டு 1918இல் நூலாயிற்று. அரசின் நிலவரி ஆவணங்கள் ஊரைக் கச்சேரியிலிருந்து பார்த்தன. இந்நூல் ஊரைத் தெருவிலிருந்து பார்த்தது. இருபது ஆண்டு கழித்துப் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பிச் சென்று மறுஆய்வு செய்து 1940இல் வெளியிட்டனர். 1980களிலும் 2008இலும் வேறு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் இருவேல்பட்டில் மீண்டும் ஆய்வு நடத்த முடிந்ததற்கு அந்த 1916ஆம் ஆண்டு விவரங்களே அடித்தளம். ஒரே ஊரை ஒரு நூற்றாண்டுக் கால அளவில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் உலகிலேயே மிகக் குறைவு.

பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணி இவ்வளவு சீராக நடக்கவில்லை. 1913இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜே.எஸ். சாண்ட்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அது தொடங்கியது. திட்டமிட்ட காலம் கடந்தது, செலவும் ஏறியது. 1924இல் முதல் பகுதி வெளிவந்தது. 1926இல் எஸ். வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்ற பின் வேகம் பிடித்து, 1936இல் ஆறு தொகுதிகளும் நிறைவெய்தின. பிறகு ஓர் அனுபந்தமும் சேர்ந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட இதன் பதிவு முறையே இதன் சிறப்பு. தலைச்சொல், ரோமன் எழுத்தில் ஒலிபெயர்ப்பு, தெலுங்கு, கன்னட, மலையாள இனச்சொற்கள், ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், அப்பொருளுக்கு இலக்கிய மேற்கோள், மேற்கோளின் நூலும் பாட்டெண்ணும் எனச் சொற்களுக்குச் சான்று காட்டப்பட்டது. சான்று காட்டியதாலேயே மறுக்கவும் வழி பிறந்தது. பல சொற்களுக்கு வடமொழி மூலம் காட்டியதைத் தேவநேயப் பாவாணர் கடுமையாக மறுத்தார். அம்மறுப்பின் தொடர்ச்சியாகவே 1974இல் அவர் தலைமையில் தமிழக அரசின் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் உருவானது.

1927இல் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், சமஸ்கிருதம், அரபு முதலியவற்றுக்கான கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் அமைந்தது. சமஸ்கிருதத் துறை 1935இல் தொடங்கிய புதிய சுவடிப் பெரும்பட்டியல், ஜெர்மானிய அறிஞர் ஆஃப்ரெக்ட் முன்பு தொகுத்ததை விரிவாக்கும் முயற்சி. எந்த நூலின் சுவடி எந்த நூலகத்தில் உள்ளது என்பதை நூற்பெயர், ஆசிரியர் பெயர் வரிசையில் தருவது இது. குப்புசாமி சாஸ்திரி, குஞ்ஞன் ராஜா, வே. ராகவன் என்று கைமாறி, முதல் தொகுதி 1949இல் வந்தது. பணி இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

வரலாற்றுத் துறையில் 1929 முதல் 1946 வரை பேராசிரியராக இருந்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, கல்வெட்டுகளை அடுக்கி அரசியல் வரலாறும் ஆட்சிமுறையும் எழுதும் முறையை நிலைநாட்டினார். சோழர் வரலாறு 1935-37இல் வெளிவந்தது. பிந்திய ஆய்வாளர்கள் அவர் காட்டிய மையப்படுத்தப்பட்ட பேரரசுச் சித்திரத்தை எதிர்த்திருக்கிறார்கள். ஆனால் எதிர்ப்பவரும் அவர் திரட்டிய கல்வெட்டுச் சான்றுகளையே புரட்ட வேண்டியிருக்கிறது. 1960களில் தொல்லியல் களம் விரிந்து, உறையூர், திருக்காம்புலியூர், அழகரை, காஞ்சிபுரம் ஆகிய இடங்களில் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது.

தமிழுக்கு முனைவர் பட்டம் வந்தது மிகத் தாமதமாக. 1948இல் மு. வரதராசன் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்கு அப்பட்டம் பெற்றார். ஆய்வேடு எழுதப்பட்டது ஆங்கிலத்தில். அன்றைய ஆய்வுலகில் அது யாருக்கும் விந்தையாகத் தெரியவில்லை.

இயற்கை அறிவியலில் முதலில் பெயர் பெற்றது தாவரவியல். பாசியியலாளர் எம்.ஓ.பி. ஐயங்கார் 1932இல் ஈர மண்ணில் வளரும் பச்சைப்பாசி ஒன்றை விவரித்து, தம் ஆசிரியர் ஃபிரிட்ஷைச் சிறப்பித்து ஃபிரிட்ஷியெல்லா எனப் பெயரிட்டார். மண்ணுக்குள் ஒரு பகுதியும் மேலே ஒரு பகுதியுமாக வளரும் அதன் அமைப்பு, தாவரங்கள் நீரிலிருந்து நிலத்துக்கு ஏறியதைப் பற்றிய விவாதங்களில் நெடுங்காலம் எடுத்துக்காட்டாக நின்றது. அடுத்து வந்த டி.எஸ். சதாசிவன் மண்வழிப் பரவும் பூஞ்சைகளையும் பருத்தி வாடல் நோயையும் ஆராய்ந்தார்.

1942 முதல் 1969 வரை துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியாரின் காலமே ஆய்வுத் துறைகள் மிகுதியாகப் பெருகிய காலம். 1952இல் முப்பது வயதுகூட நிரம்பாத ஜி.என். ராமச்சந்திரன் இயற்பியல் பேராசிரியராக அழைக்கப்பட்டார். தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றின் முக்கியப் புரதமான கொலாஜனின் அமைப்பு அப்போது தெரியாதிருந்தது. அடையாற்றில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. அதன் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல், மூன்று இழை சேர்ந்த அமைப்பை 'நேச்சர்' இதழில் முன்வைத்தனர். மறு ஆண்டே அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று முறுக்கிச் சுற்றும் வடிவமாக்கினர். சில அணுக்கள் இயல்பை மீறி நெருங்கி வருவதாக ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை கூறினர். அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்பதை, ஏற்கெனவே அமைப்பு தெரிந்த படிகங்களிலிருந்து திரட்டுவதே கிண்டியில் இருந்த ராமச்சந்திரனின் ஆய்வகம் கொடுத்த பதில். அந்தத் தரவிலிருந்து, புரதச் சங்கிலியின் இரு திருகு கோணங்களில் எவை இயலும், எவை இயலா என்று சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வரைந்ததே ராமச்சந்திரன் வரைபடம். புதிதாகக் கண்டறியும் புரத அமைப்பு சரியா என்று சோதிக்க இன்றும் உலகெங்கும் அதைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள்.

அதே காலத்தில் தாவரவியல், இயற்பியல், தத்துவம் ஆகியவை பல்கலைக்கழக மானியக் குழுவின் உயராய்வு மையங்களாயின. அழகப்பச் செட்டியார் 1950இல் நிறுவி, பணமுடையால் தத்தளித்த ராமானுஜன் கணித நிறுவனத்தை 1957இல் பல்கலைக்கழகம் ஏற்றது. 1967இல் அது கணிதத் துறையோடு இணைந்தது. இயற்பியலில் இருந்த அல்லாடி ராமகிருஷ்ணனோ தம் இல்லத்தில் நடத்திவந்த கருத்தரங்கிலிருந்து 1962இல் தனியொரு கணித அறிவியல் நிறுவனத்தையே உருவாக்கிக்கொண்டார். சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், சமணம் ஆகியவற்றுக்கும் தனித்தனித் துறைகள் வந்தன.

இந்த விரிவு அப்படியே நிலைக்கவில்லை. ராமச்சந்திரன் 1970ஐ ஒட்டிப் பெங்களூர் சென்றார். ஆய்வகம் தொடர்ந்தாலும் முதல் இருபது ஆண்டின் வேகம் திரும்பவில்லை. வேளாண்மை 1971இலும், பொறியியல் 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடும், மருத்துவக் கல்லூரிகள் 1980களின் இறுதியிலும் பிரிந்தன. இணைவுக் கல்லூரிகளும் மதுரை, திருச்சி, கோவை, வேலூர்ப் பல்கலைக்கழகங்களுக்குப் பங்கிடப்பட்டன. அடிப்படை மருத்துவ அறிவியல்கள் தரமணி வளாகத்திலும், இயற்பியலும் உயிர் அறிவியல்களும் கிண்டியிலும், மொழிகள் மெரினாவிலும், வரலாறும் கணிதமும் சேப்பாக்கத்திலும் எஞ்சின.