எடைக் குறைப்பு உணவில் புரதத்தின் அளவு

எடையைக் குறைக்க உணவைச் சுருக்கும் ஒருவருக்கு, எடை நிலையாக இருப்பவரைவிடக் கூடுதல் புரதம் தேவைப்படுகிறது. உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை என்பது, ஊட்டச்சத்து ஆய்வாளர்களிடையே இன்று பரவலாக ஏற்கப்படும் வரம்பு. சாதாரண நாட்களுக்கான பரிந்துரையான 0.83 கிராமுடன் ஒப்பிட்டால் இது ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. சாப்பாட்டைக் குறைக்கும்போது ஒரு சத்தை மட்டும் கூட்டச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆனால், எடை எவ்வளவு குறையும் என்பது கலோரிப் பற்றாக்குறையைப் பொறுத்தது. குறைவதில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பதில்தான் புரதத்தின் வேலை இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் புரதம் பற்றிய பேச்சு ஒரு பக்கம் மாயமருந்தாகவும் மறுபக்கம் சிறுநீரகப் பயமாகவும் பிளந்து கிடக்கிறது.

அடிப்படை அளவு வந்த விதம்

உடலின் புரதத் தேவையைக் கணக்கிட நீண்டகாலமாகப் பயன்படும் முறை நைட்ரஜன் சமநிலை. உணவில் உள்ளே போகும் நைட்ரஜனையும் சிறுநீர், மலம் வழியாக வெளியேறும் நைட்ரஜனையும் அளந்து, இரண்டும் சமமாகும் இடத்தைத் தேடுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் கார்ல் ஃபாய்ட், உழைக்கும் மனிதனுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் வேண்டும் என்றார். யேல் பல்கலைக்கழகத்தின் ரசல் சிட்டெண்டன் தம்மையும் சக பேராசிரியர்களையும் படைவீரர்களையும் விளையாட்டு மாணவர்களையும் சோதனைக்கு உட்படுத்தி, அதில் பாதியே போதும் என்று 1904இல் எழுதினார். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் 2007இல் வெளியிட்ட கூட்டறிக்கை, சராசரித் தேவையைக் கிலோவுக்கு 0.66 கிராம் என்றும், பெரும்பாலோருக்குப் பாதுகாப்பான அளவை 0.83 கிராம் என்றும் வகுத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் இதே அளவை ஏற்றன. 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம். தானியத்தையே பெரிதும் நம்பிய உணவாக இருந்தால் கிலோவுக்கு 1 கிராம் என்று உயர்த்திக்கொள்ளச் சொல்கின்றன.

இந்த அளவுகள் எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: உடலுக்கு வேண்டிய கலோரி முழுதாகக் கிடைக்க வேண்டும். கலோரி குறைந்தால் உடல் அமினோ அமிலங்களையும் எரிக்கத் தொடங்குகிறது. கல்லீரல் அவற்றில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாக மாற்றிக்கொள்கிறது. உண்ட புரதத்தில் தசையின் பராமரிப்புக்கு எஞ்சுவது குறைகிறது. ஆகவே, எடை நிலையாக இருப்பவருக்குப் போதுமான 50 கிராம், டயட்டில் இருப்பவருக்குப் போதாமல் போகிறது.

கொழுப்பும் தசையும்

உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் குறையும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பல்லாத திசு என்பது பொதுவான கணக்கு. அதில் நீரும் உண்டு, தசையும் உண்டு. இந்தப் பங்கைக் குறைக்கப் புரதம் எவ்வளவு உதவும் என்பதை 2 சோதனைகள் தெளிவாகக் காட்டின. அமெரிக்காவின் நாட்டிக்கில் உள்ள ராணுவ ஆய்வுக்கூடம் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கலோரி குறைக்கப்பட்டவர்களுக்குக் கிலோவுக்கு 0.8, 1.6, 2.4 கிராம் என 3 அளவுகளில் புரதம் தரப்பட்டது. 0.8 கிராம் உண்டவர்கள் அதிகத் தசையை இழந்தார்கள். 1.6 உண்டவர்கள் கணிசமாகக் காப்பாற்றிக்கொண்டார்கள். 2.4 உண்டவர்களுக்கு அதற்கு மேல் லாபம் ஏதும் இல்லை.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியான சோதனை இன்னும் கடுமையானது. அதிக எடையுள்ள 40 இளைஞர்களுக்குத் தேவையில் 40 சதவீதக் கலோரி குறைக்கப்பட்டது. வாரத்தில் 6 நாட்கள் தீவிர உடற்பயிற்சி. மொத்தம் 4 வாரம். கிலோவுக்கு 1.2 கிராம் உண்ட குழு சராசரியாக 3.5 கிலோ கொழுப்பை இழந்தது, தசையில் மாற்றம் இல்லை. 2.4 கிராம் உண்ட குழு 4.8 கிலோ கொழுப்பை இழந்து, கொழுப்பல்லாத திசுவில் 1.2 கிலோ கூடியது. இதை மேற்கோள் காட்டி அனைவருக்கும் 2.4 என்று சொல்லும் பயிற்சியாளர்கள், அந்த 6 நாள் பயிற்சியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அலுவலக நாற்காலியில் 9 மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த முடிவு பொருந்தாது. பளு தூக்கும் பயிற்சி செய்வோர் பற்றிய 49 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் பயன் 1.6 கிராம் அளவில் தட்டையாகிவிடுகிறது.

எடை என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்தால் புரதத்தின் பங்கு சிறியது. 811 பேரை 2 ஆண்டுகள் தொடர்ந்து 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கலோரியில் 25 சதவீதம் புரதம் உண்ணச் சொல்லப்பட்டவர்களும் 15 சதவீதம் உண்ணச் சொல்லப்பட்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு எடைதான் குறைந்தார்கள். புரதத்தைக் கூட்டினால் தானாகவே இளைக்கலாம் என்ற வாக்குறுதி பொய்.

சதவீதக் கணக்கின் பிழை

பல டயட் அட்டவணைகள் புரதத்தைக் கலோரியின் சதவீதமாகச் சொல்கின்றன. எடைக் குறைப்பில் இது தவறான அளவுகோல். 2,000 கலோரியில் 15 சதவீதம் என்றால் 75 கிராம் புரதம் (ஒரு கிராம் புரதத்துக்கு 4 கலோரி). அதே 15 சதவீதத்தை வைத்துக்கொண்டு உணவை 1,200 கலோரியாகக் குறைத்தால் புரதம் 45 கிராமுக்கு இறங்கிவிடும். சதவீதம் மாறவில்லை, தசைக்குக் கிடைப்பது மட்டும் பாதியை நெருங்கிவிட்டது. புரதத்தை எப்போதும் கிராமில்தான் எண்ண வேண்டும். குறைக்க வேண்டிய கலோரியைச் சோறு, எண்ணெய், சர்க்கரையிலிருந்து எடுக்க வேண்டும்.

எந்த எடையால் பெருக்குவது என்பது அடுத்த கேள்வி. கொழுப்புத் திசுவுக்குப் புரதத் தேவை குறைவு. ஆகவே, உடல் பருமன் உள்ளவர் தம் முழு எடையால் பெருக்கினால் அளவு தேவையின்றி உயர்ந்துவிடும். மருத்துவமனை உணவியலாளர்கள் கையாளும் ஒரு வழி, உயரத்துக்கு ஏற்ற எடையோடு மிகை எடையின் கால் பங்கைச் சேர்த்துக்கொள்வது. 160 செ.மீ. உயரமும் 80 கிலோ எடையும் உள்ள பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஆசியர்களுக்கான உடல் நிறை எண் வரம்பான 23இன்படி அவருடைய உயரத்துக்கு எடை சுமார் 59 கிலோ. மிகை 21 கிலோ, அதில் கால் பங்கு 5. ஆக, கணக்குக்கான எடை 64 கிலோ. கிலோவுக்கு 1.2 கிராம் என்றால் நாளுக்கு 77 கிராம்.

தமிழ்நாட்டுத் தட்டில்

சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய, நாடு தழுவிய ஆய்வின் உணவு முடிவுகள் 2025இல் வெளிவந்தன. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும் சுமார் 12 சதவீதம் மட்டுமே புரதத்திலிருந்தும் வருகிறது என்றது அது. இதன் பொருளைச் சமையலறையில் பார்க்கலாம். காலையில் 3 இட்லி, மதியம் ஒரு தட்டுச் சோறும் சாம்பாரும் பொரியலும் கொஞ்சம் தயிரும், மாலை டீ பிஸ்கட், இரவு 2 தோசை என்று சைவமாகச் சாப்பிடுபவரின் நாளில் புரதம் 40 கிராமை ஒட்டியே நிற்கும். இளைக்க வேண்டுமென்று எல்லாவற்றையும் பாதியாக்கி இரவு உணவையும் விட்டுவிட்டால் அது 20 கிராமுக்கும் கீழே போய்விடும். பலரும் செய்வது இதைத்தான். முதல் மாதத்தில் எடை இறங்கும், கூடவே களைப்பும் வரும். பிறகு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு.

இங்கே பார்க்க வேண்டியது ஒவ்வொரு உணவிலும் புரதத்துக்கு நாம் தரும் கலோரி விலை. 20 கிராம் புரதம் பெற, தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியோ மீனோ 100 கிராம் போதும், சுமார் 110 கலோரி. முட்டையின் வெள்ளைக்கரு 6 எடுத்தால் 100 கலோரி. மஞ்சளோடு 3 முட்டை என்றால் 210. மீல் மேக்கர் உலர்ந்த நிலையில் 40 கிராம், 140 கலோரி. சைவ உணவுக்காரர்களுக்குக் காசுக்கும் இதைவிட மலிவான புரதம் கடையில் கிடைப்பது அரிது. துவரம்பருப்பென்றால் 90 கிராம் வேண்டும், 300 கலோரி ஆகும். பன்னீரும் அதே 300. நிலக்கடலையில் 450ஐ எட்டும், பாதாமில் 600ஐ நெருங்கும். சோற்றிலிருந்தே 20 கிராமையும் எடுக்க நினைத்தால் 800 கிராம் சோறு உண்ண வேண்டும், 1,000 கலோரி. கடலையும் பாதாமும் நல்ல உணவுகள். ஆனால் எடை குறைப்பவர் அவற்றைப் புரத உணவென்று நம்பிக் கொறிப்பது கணக்கைக் கெடுத்துவிடும். இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள் என்ற பழமொழி இந்தக் கணக்கில் சரியாகவே நிற்கிறது: எள்ளில் பாதி எடை எண்ணெய், கொள்ளில் எண்ணெய் சொற்பம், 100 கிராமுக்குப் புரதமோ 20 கிராமுக்கு மேல்.

மேலே கண்ட 77 கிராமை இறைச்சியும் முட்டையும் இல்லாமலே அடையலாம். காலையில் 60 கிராம் பாசிப்பயற்றை அரைத்த தோசை. மதியம் ஒரு கப் சோறு, 40 கிராம் பருப்பில் கெட்டிக் குழம்பு, 30 கிராம் மீல் மேக்கர் சேர்த்த காய், 150 கிராம் தயிர். மாலையில் 40 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு தம்ளர் பாலும். இரவு 80 கிராம் பன்னீருடன் நிறையக் காய்கறி. எண்ணெயைக் கணக்காக ஊற்றினால் இவ்வளவும் 1,400 கலோரிக்குள் அடங்கும். தானியத்தில் குறைவான லைசின் பருப்பில் உண்டு, பருப்பில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் உண்டு. ஆகவே சோறும் பருப்பும் சேர்வதில் குறை ஒன்றுமில்லை. மாற வேண்டியது இரண்டுக்கும் உள்ள விகிதம்.

புரோட்டீன் பவுடர் கட்டாயமில்லை. ஒரு கரண்டி வே பவுடரில் சுமார் 25 கிராம் புரதமும் 120 கலோரியும் இருக்கும். அது பாலிலிருந்து எடுத்த உணவு, மருந்தல்ல. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, தசை வளர்க்க இத்தகைய பவுடர்களை நாட வேண்டாம் என்றே கூறுகிறது. அந்தப் பணத்தில் முட்டை வாங்கலாம்.

பசி, வெப்பம்

புரதம் வயிற்றை நிறைக்கும், செரிக்கவே கலோரி செலவாகும் என்ற இரண்டும் உண்மை. 100 கலோரிப் புரதத்தைச் செரிக்க 20 முதல் 30 கலோரி செலவாகிறது. மாவுச்சத்துக்கு 5 முதல் 10. ஆனால் நாளுக்கு 35 கிராம் கூடுதல் புரதத்தால் இதில் கிடைக்கும் லாபம் சுமார் 25 கலோரிதான். பசி அடங்குவதே பெரிய பயன். இளைத்த எடையைத் தக்கவைப்பதில் அது தெரிகிறது: ஐரோப்பாவின் 8 நாடுகளில் நடந்து 2010இல் வெளியான சோதனையில், புரதம் சற்றுக் கூடுதலாகவும் மாவுச்சத்து மெதுவாகச் செரிக்கும் வகையாகவும் இருந்த உணவை உண்டவர்களே குறைத்த எடையைச் சிறப்பாகக் காத்தார்கள்.

புரதம் மட்டும் என்ற விபரீதம்

1976இல் அமெரிக்காவில் ராபர்ட் லின் என்ற மருத்துவர், மாட்டுத் தோலும் தசைநாரும் கரைத்தெடுத்த கொலாஜன் பானத்தை மட்டுமே குடித்து இளைக்கும் முறையைப் புத்தகமாக எழுதினார். புத்தகமும் பானமும் அமோகமாக விற்றன. நாளுக்கு 400 கலோரிகூட இல்லை. 1977, 1978இல் இவ்வகைத் திரவப் புரத உணவோடு தொடர்புடைய சுமார் 60 மரணங்கள் அமெரிக்க அரசின் கவனத்துக்கு வந்தன. பலர் இதயத் துடிப்புத் தாறுமாறாகி இறந்தார்கள். கொலாஜனில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அறவே கிடையாது. இன்று அழகுக்காக விற்கப்படும் கொலாஜன் பவுடரையும் அன்றாடப் புரதக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

முதியவர்கள், ஊசி மருந்து எடுப்பவர்கள்

65 வயதைக் கடந்தவர்களுக்கு எடை குறைக்காதபோதே கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013இல் ஒரு பன்னாட்டு வல்லுநர் குழு பரிந்துரைத்தது. முதுமையில் இழந்த தசை எளிதில் திரும்பாது. ஆகவே அவர்கள் வேகமாக இளைக்க முயலக் கூடாது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் அளவுக்கேனும் பயிற்சி அவசியம்.

செமாகுளுடைட், டிர்செபடைடு ஊசிகள் 2025 முதல் இந்தியாவில் எடைக் குறைப்புக்கும் விற்பனையாகின்றன. இவை பசியை அவ்வளவு அடக்குவதால் பலருக்கும் தட்டில் உள்ளது முழுதாக உள்ளே போவதில்லை. செமாகுளுடைட் எடுத்தவர்களில் ஒரு பகுதியினரை ஊடுகதிர் மூலம் அளந்தபோது, குறைந்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பல்லாத திசுவாக இருந்தது. இவர்கள் முதல் கவளத்தைப் புரதத்திலிருந்து தொடங்க வேண்டும், சோறு மிஞ்சினால் மிஞ்சட்டும்.

சிறுநீரகம்

புரதம் சிதைந்து உண்டாகும் யூரியாவை வெளியேற்றுவது சிறுநீரகம். அதனால் புரதம் கூடினால் அது பழுதாகும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. நலமான சிறுநீரகம் உள்ளவர்களிடம் நடந்த சோதனைகளில் அத்தகைய பாதிப்பு காணப்படவில்லை. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களின் நிலை வேறு. நோயின் மிதமான, முற்றிய கட்டங்களில் கிலோவுக்கு 0.8 கிராம் என்றும், நோய் முற்றும் அபாயம் உள்ளவர்கள் 1.3 கிராமைத் தாண்ட வேண்டாம் என்றும் 2024ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டி கூறுகிறது. டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கோ தேவை மறுபடி 1.0 கிராமுக்கு மேல் உயர்கிறது. நீரிழிவும் ரத்த அழுத்தமும் பெருகியுள்ள நம் ஊரில், சிறுநீரகம் பழுதுபட்டிருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் அநேகர். இவ்விரண்டில் ஒன்று உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனையிலும் பார்க்கலாம்.