சாம்பலுக்குப் பின் ஒரு கமெரா

1921 மே 31ஆம் திகதியும் ஜூன் 1ஆம் திகதியும், அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த கிரீன்வூட் பகுதியை வெள்ளையினக் கும்பல்கள் சூறையாடித் தீயிட்டன. 1,200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. காப்புறுதி நிறுவனங்கள் நட்டஈடு வழங்க மறுத்தன. அழிவின் புகைப்படங்களோ அஞ்சலட்டைகளாகக் கைமாறின.

அம்மக்கள் மீண்டும் எழுந்ததைப் படமாக்கியவர் வண. சொலமன் சேர் ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பப்டிஸ்ட் மதகுரு. கொடாக் நிறுவனம் 1923இல் அறிமுகப்படுத்திய 16 மில்லிமீற்றர் பிலிம், சினிமாத் தொழில் சாராதோருக்கும் கமெராவை எட்டச் செய்திருந்தது. 1924 முதல் 1928 வரை துல்சாவிலும் ஒக்லஹோமாவின் ஏனைய ஊர்களிலும் அவர் படம் பிடித்தார்.

ஒலியற்ற அப்படங்களில் கதை எதுவுமில்லை. தேவாலயத்திலிருந்து மக்கள் வெளியே வருகிறார்கள். ஞானஸ்நானம், ஊர்வலம், பாடசாலைப் பிள்ளைகள், மரணச்சடங்கு, கறுப்பினத்தவரின் கடைகள், எண்ணெய்க் கிணறுகள் என்று அன்றாட வாழ்வு நகர்கிறது. 1915இல் வெளியான 'ஒரு தேசத்தின் பிறப்பு' திரைப்படம் இதே மக்களைக் கொடியவர்களாகச் சித்திரித்து வெள்ளை மாளிகையிலும் காட்டப்பட்டிருந்தது என்பதை நினைவிற்கொண்டால், இக்காட்சிகளின் பெறுமதி விளங்கும்.

துல்சாப் படுகொலை பல தசாப்தங்களாகப் பாடநூல்களில் இடம்பெறவில்லை. அதை ஆராய்ந்த மாநில ஆணைக்குழுவின் அறிக்கை 2001இல்தான் வெளிவந்தது. யேல் பல்கலைக்கழகம் பாதுகாத்துவரும் ஜோன்ஸின் 29 படங்கள் 2016இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

தன் வாழ்வைத் தானே பதிவுசெய்யாத சமூகத்தின் வரலாறு, அதன் அழிவோடு முடிந்ததாகவே பிறரால் எழுதப்படும். ஜோன்ஸ் அதற்கு இடம்வைக்கவில்லை.