இரண்டு கட்டத்தில் அடங்காத லாரி

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டேன். சங்ககிரி பைபாஸில் நின்றிருந்த நீளமான டிரைலர் லாரி. "உங்க ஊர்ல இதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு?" என்று கேட்டேன்.

ஹூஸ்டனில் இருக்கும் தங்கை மகள், "எய்ட்டீன் வீலர், பெரியம்மா" என்றாள். ஒஹையோவில் இருக்கும் அவள் அண்ணன், "யாரும் அப்படிச் சொல்றதில்லை, இது செமி" என்று சண்டைக்கு வந்தான். டொரண்டோவில் இருக்கும் கொழுந்தனார் மகன் "ட்ரான்ஸ்போர்ட் ட்ரக்" என்று எழுதினான். மெல்போர்னில் இருந்து அண்ணன் மகள், "எங்களுக்கும் செமிதான் அத்தை. ஆனா இதெல்லாம் சின்னது. ரோடு டிரெயின் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள். இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் சம்பந்தி வீட்டுப் பையன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்: "ஆர்ட்டிக்."

வண்டி ஒன்று, மொழி ஒன்று, பெயர் மட்டும் நாலைந்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பழைய விடைத்தாள் ஞாபகத்துக்கு வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னிடம் பிளஸ் ஒன் படித்தவர்களுக்கு மறந்திருக்காது. கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் பிரிட்டிஷ், வலப்பக்கம் அமெரிக்கன் என்று எழுதுவேன். லிஃப்ட் என்றால் எலிவேட்டர், பெட்ரோல் என்றால் கேஸ், லாரி என்றால் ட்ரக். மனப்பாடம் செய்தால் மார்க் நிச்சயம். அந்தப் பட்டியல் பொய் இல்லை. ஆனால் அது பாதி உண்மைதான் என்பது ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

முதலில் ட்ரக். இந்தச் சொல் அமெரிக்காவில் பிறந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் அது புழக்கத்தில் இருந்தது. கப்பலில் பீரங்கியை நகர்த்துவதற்கு அடியில் வைத்த சின்ன மரச் சக்கரத்துக்கு ட்ரக் என்று பெயர். சக்கரத்தைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லில் இருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்கள் கருத்து. சக்கரத்துக்கு இருந்த பெயர் பிறகு சக்கரம் வைத்த பாரவண்டிக்கு வந்தது.

லாரி கொஞ்சம் இளைய சொல். 1830களில் இங்கிலாந்தின் ரயில் பாதைகளில், பக்கப் பலகை இல்லாத தட்டையான வண்டியை லாரி என்றார்கள். எங்கிருந்து வந்தது என்பது உறுதியாகவில்லை. இழுப்பதைக் குறிக்கும் ஒரு வட்டார வழக்குச் சொல்லாக இருக்கலாம் என்கிறார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வைத்த பாரவண்டி ரோட்டுக்கு வந்தபோது அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. பிரிட்டனில் ட்ரக் என்றால் ரயிலின் திறந்த சரக்குப் பெட்டி என்ற பொருள் ஏற்கெனவே ஊன்றியிருந்தது. புது வண்டிக்கு லாரி என்ற பெயர் நிலைத்தது. அமெரிக்க ரயில்வேயிலோ ட்ரக் என்றால் பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரத் தொகுதி, நாம் போகி என்கிறோமே அது. ஆனாலும் அங்கே ரோட்டு வண்டிக்கும் ட்ரக் என்ற பெயரே நின்றது. ஆக, இரண்டு சொல்லுமே இங்கிலாந்துச் சொற்கள்தான். வீடு மாறிக் குடிபோனவை என்று சொல்லலாம்.

இப்போது பெரிய வண்டிகளுக்கு வருவோம். என் தங்கை பிள்ளைகளின் சண்டை அங்கேதான்.

1914இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர் இருந்தார். வண்டி செய்வதும் அவர் தொழில். ஒரு மர வியாபாரி தன் படகைக் கொண்டுபோக வழி கேட்டார். ஃபோர்டு மாடல் டி காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும்படி ஃப்ரூஹாஃப் ஒரு வண்டி செய்து கொடுத்தார். அந்த வண்டியின் பின்பக்கம் மட்டும்தான் சக்கரம். முன்பக்கப் பாரத்தை இழுக்கும் வண்டியே முதுகில் தாங்கிக்கொள்ளும். பாதிப் பாரத்தைத்தான் தானே சுமக்கிறது என்பதால் அது செமி டிரைலர், அரை டிரைலர். மர வியாபாரி மரம் ஏற்றவும் அதே மாதிரி வண்டிகள் கேட்டார், தொழில் வளர்ந்தது. செமி என்ற பெயரை அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் இன்றும் அதிகம் கேட்கலாம். அங்கே பலர் அதை "செமை" என்று உச்சரிப்பார்கள்.

டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி பக்கம் வந்தால் அதே வண்டி எய்ட்டீன் வீலர். கணக்கு எளிது. இழுக்கும் வண்டியில் முன்னால் 2 சக்கரம். பின்னால் இரண்டு அச்சில் ஜோடி ஜோடியாக 8. டிரைலரில் 8. மொத்தம் 18. கிழக்குக் கரை மாநிலங்களான பென்சில்வேனியா, வர்ஜீனியா பக்கம் போனால் டிராக்டர் டிரைலர். நம் ஊரில் டிராக்டர் என்றதும் ஏர் உழுவதுதான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லுக்கு இழுப்பது என்றுதான் பொருள். கரோலினா மாநிலங்களில் சிலர் ட்ரான்ஸ்ஃபர் ட்ரக் என்பார்கள்.

இதை நான் குடும்பக் குழுவை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. 2000களின் தொடக்கத்தில் பெர்ட் வாக்ஸ் என்ற மொழியியலாளர் அமெரிக்க ஆங்கில வட்டார வழக்குகளைப் பற்றி ஹார்வர்டில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார். அதில் இந்தப் பெரிய வண்டியை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்பதும் ஒரு கேள்வி. பதில்களை வரைபடத்தில் புள்ளி வைத்தபோது, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிலப்பரப்பு தெரிந்தது. ஒருவர் வாயில் வரும் சொல்லை வைத்து அவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று ஓரளவு சொல்லிவிடலாம். நம் ஊரில் "என்னங்க" என்று இழுத்தால் கோவைப் பக்கம் என்று கண்டுபிடிக்கிறோமே, அதே மாதிரி.

அமெரிக்கன் என்று நான் எழுதிய ஒரே கட்டத்துக்குள் இத்தனை கட்டம் இருந்திருக்கிறது. பிரிட்டிஷ் கட்டமும் அப்படித்தான். இரண்டாக மடங்கித் திரும்பும் வண்டி அங்கே ஆர்ட்டிகுலேட்டட் லாரி, சுருக்கமாக ஆர்ட்டிக். அரசாங்கக் காகிதத்தில் எச்.ஜி.வி., அதாவது கனரகச் சரக்கு வாகனம். 1930களில் லண்டன் போன்ற நகரங்களில் ரயில் சரக்கை வீடு வீடாகக் கொண்டுபோன மூன்று சக்கர வண்டி ஒன்று இருந்தது. ஸ்கேமல் கம்பெனி செய்த அதன் பெயர் மெக்கானிக்கல் ஹார்ஸ், இயந்திரக் குதிரை. அதுவரை அந்த வேலையைச் செய்தது நிஜக் குதிரை!

பிரிட்டிஷ் கட்டத்தில் இன்னொரு பெயரும் இருக்கிறது. அதைப் படித்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1960, 70களில் லாரிகளின் நீளமும் எடையும் கூடிக்கொண்டே போயின. பழைய ஊர்களின் குறுகிய தெருக்களில் அவை நுழைந்தபோது வீட்டுச் சுவர் அதிர்ந்தது, ஜன்னல் ஆடியது. ஜனங்கள் கோபப்பட்டார்கள். 1973இல் லாரிகள் போகும் பாதையைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமே வந்தது. அந்தக் காலத்தில் பத்திரிகைகள் இந்த ராட்சத வண்டிகளுக்கு வைத்த பெயர் ஜக்கர்நாட்.

அது நம் பூரி ஜகந்நாதர்தான்.

14ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஒடோரிக் என்ற இத்தாலியத் துறவி, தேர்ச்சக்கரத்தின் அடியில் பக்தர்கள் தாங்களே விழுந்து உயிர் விடுவதாக எழுதி வைத்தார். 1806இல் பூரிக்குப் போன கிளாடியஸ் புக்கானன் என்ற பாதிரியாரும் ரத யாத்திரையைப் பற்றி அச்சமூட்டும்படி எழுதினார். அவர் புத்தகம் மேல்நாட்டில் பரவலாகப் படிக்கப்பட்டது. அதன் பிறகு, வழியில் இருப்பதையெல்லாம் நசுக்கிக்கொண்டு போகும் எதுவும் ஆங்கிலத்தில் ஜக்கர்நாட் ஆனது. கடைசியில் லாரிக்கும் அந்தப் பெயர் வந்தது.

யோசித்துப் பாருங்கள். ஜகந்நாதரின் நந்திகோஷ் தேருக்கு 16 சக்கரம். டெக்சாஸ் வண்டிக்கு 18. ஊர் கூடி வடம் பிடித்து இழுக்கும் தேர், அதைத் தூரத்தில் நின்று பார்த்தவன் மொழியில் நசுக்கும் யந்திரமாகிவிட்டது. வடம் பிடித்தவர்களைக் கேட்டு யாரும் அந்தச் சொல்லை எழுதவில்லை.

ஆஸ்திரேலியாவுக்குப் போனால் அங்கேயும் சொல்லுக்குள் ஒரு கதை. அந்த நாட்டின் நடுப்பகுதி பெரும் வறண்ட நிலம். தெற்கிலிருந்து போட்ட ரயில் பாதை 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை வந்து நின்றுவிட்டது. வடக்கே டார்வின் துறைமுகத்தோடு அது இணைந்து முதல் ரயில் ஓடியது 2004இல்தான். நடுவே முக்கால் நூற்றாண்டு ரயில் கிடையாது. முன்பு அந்தப் பாலையில் ஒட்டகங்கள் சரக்கு சுமந்தன. ஓட்டியவர்களில் பலர் இன்றைய ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியப் பகுதிகளில் இருந்து போனவர்கள். 1934இல் பிரிட்டனில் செய்த டீசல் ரோடு டிரெயின் ஒன்று அங்கே வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கர்ட் ஜோஹான்சன் என்பவர் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளைக் கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக டிரைலர் மாட்டி ஓட்டினார். இன்று மூன்று டிரைலரோடு 53.5 மீட்டர் நீளம் வரை ரோடு டிரெயின் ஓடுகிறது. ரயில் இல்லாத ஊருக்கு அதுதான் ரயில். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் லாரி என்ற சொல் பிரிட்டனோடு நின்றுவிட்டதா? இல்லை. பிரிட்டிஷ்காரன் ஆண்ட இடமெல்லாம் போய், அந்தந்த ஊர்ப் பிள்ளையாகிவிட்டது. நாம் லாரி என்கிறோம். இலங்கைத் தமிழர் லொறி என்று எழுதுகிறார்கள். மலாய் மொழியில் லோரி. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியிலும் லோரி. கானாவில் பஸ் நிலையத்தையே லாரி பார்க் என்பார்கள். ஆனால் நம் நாட்டுக்குள்ளேயே வடக்கே போனால் இந்தியில் ட்ரக். பிரிட்டிஷ்காரன் அங்கேயும்தான் ஆண்டான். என் இரண்டு கட்டம் இங்கே சுத்தமாக உடைந்துவிடுகிறது.

நம் ஆட்களும் பெயர் வைப்பதில் சளைத்தவர்கள் இல்லை. அசோக் லேலண்டின் டாரஸ் வண்டி வந்தது. லத்தீனில் அதற்குக் காளை என்று பொருள். இன்று எந்தக் கம்பெனி வண்டியானாலும், சக்கரம் அதிகமாக இருந்தால் பேப்பரில்கூட "டாரஸ் லாரி" என்றுதான் போடுகிறார்கள். அமெரிக்காவில் மேக் என்ற கம்பெனிப் பெயர் பெரிய ட்ரக்குக்கெல்லாம் உவமையானதும் இதே கதைதான். மேக் வண்டிக்கு புல்டாக் நாய் சின்னம். 2005இல் டாடா ஏஸ் வந்தபோது நாம் அதற்கு வைத்த பெயர் குட்டி யானை. குதிரை, காளை, நாய், யானை! பாரம் சுமக்கும் எதையும் மனுஷன் உயிருள்ளதாகத்தான் பார்க்கிறான் போலிருக்கிறது.

இப்போது அந்த விடைத்தாள்.

நாமக்கல் பக்கம் நான் வேலை பார்த்த காலம். அரையாண்டுத் தேர்வில் "என் தந்தை" என்று ஆங்கிலத்தில் கட்டுரை. ஒரு பையன், என் அப்பா ட்ரக் ஓட்டுகிறார், நாக்பூர் தாண்டி டெல்லி வரை போவார் என்று எழுதியிருந்தான். நான் ட்ரக் என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே லாரி என்று எழுதி, ஒரு மார்க் குறைத்தேன். தாள் கொடுத்த அன்று அவன் எழுந்து நின்று சொன்னான்: "எங்கப்பா போற ஊர்லயெல்லாம் ட்ரக்குன்னுதானுங்க டீச்சர் சொல்லுவாங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்கப்பா லாரி ஓட்டுறாரா, இல்லை இங்கிலீஷ் டீச்சரா?" வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த வருஷம் முழுக்க அவன் என்னிடம் வேறு கேள்வி கேட்கவில்லை.

அவன் அப்பா அந்தச் சொல்லைப் புத்தகத்தில் படிக்கவில்லை. செக்போஸ்ட்டிலும் தாபாவிலும், ராத்திரி பஞ்சர் ஒட்டும் கடையிலும் கேட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து மகனுக்குக் கொடுத்திருக்கிறார். அவர் ஓட்டிய இரண்டாயிரம் கிலோமீட்டர் ரோடு அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. ஊர் எல்லை தாண்டாத நான் அதை அடித்தேன். தேரைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு ஜக்கர்நாட் என்று எழுதினவருக்கும் எனக்கும் அன்றைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

பாடப் பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்வு எழுதும் பிள்ளைகள் அதைப் படித்துத்தான் ஆக வேண்டும். இன்றைக்கு ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். பிள்ளை புதிதாக ஒரு சொல் எழுதினால், அடிப்பதற்கு முன்னால் "இதை எங்கே கேட்டே?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் ஒரு பாடம் இருக்கும்.

அந்தப் பையனின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களில் யாருக்காவது ஞாபகம் இருந்தால், இந்தப் பதிவை அவர் கண்ணில் படும்படி செய்யுங்கள். தம்பி, நீ எழுதியது சரி. அந்த ஒரு மார்க்கை டீச்சர் இன்றைக்குப் போட்டுவிட்டேன். அப்பா நலமாக இருந்தால் என் வணக்கத்தைச் சொல்.

மற்றவர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் பெரிய லாரிக்கு என்ன பெயர் என்று கீழே எழுதுங்கள். இந்த முறை யாருக்கும் மார்க் குறையாது.