27 மெட்ராஸ் 551: முத்துக்குளித்துறையின் சட்ட ஏடுகள்

பழைய வழக்கறிஞர் அலுவலகங்களின் அலமாரிகளில் தோல் அட்டையிட்ட தடித்த தொகுதிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்போம். அவற்றுள் ஒன்று இந்தியச் சட்ட அறிக்கைகள், மெட்ராஸ் வரிசை, 27ஆம் தொகுதி. அதன் 551ஆம் பக்கத்தில் ஒரு வழக்கு தொடங்குகிறது. அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல். ஆண்டு 1903. முத்துப்பயல் என்ற பெயர் அங்கே ஆங்கில எழுத்துகளில் மட்டுமே இருக்கிறது. அவர் என்ன செய்தார் என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கடலுக்கடியில் கிடந்த சங்கை எடுத்தார்.

அந்தச் சங்குப்பார் ராமநாதபுரம் கரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவில், பாக் நீரிணைப் பகுதியில் இருந்தது. ஒரு நாட்டின் அதிகாரம் கரையிலிருந்து மூன்று மைல் வரைதான் செல்லும் என்பது அன்றைய ஐரோப்பியச் சட்ட மரபு. அதற்கு அப்பால் கிடக்கும் சங்கு யாருடையது? யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றை எடுத்தால் அது திருட்டாகுமா? சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பார்கள் நெடுங்காலமாக ஆளுகைக்கும் அனுபவத்திற்கும் உட்பட்டவை, ஆகவே மூன்று மைலைத் தாண்டியிருந்தாலும் பிரிட்டிஷ் இந்தியாவின் எல்லைக்குள் அடங்கியவை என்று முடிவு செய்தது. ஒரு குளியாளின் மீதான சங்குத் திருட்டு வழக்கு இவ்வாறு பன்னாட்டுக் கடற்சட்டத்தின் வரலாற்றில் இடம்பெற்றது.

இந்த வழக்கை நான் இங்கே எடுத்துக்கொள்வது தீர்ப்பின் நியாய அநியாயங்களைப் பேசுவதற்காக அல்ல. ‘நெடுங்காலமாக’ என்ற அந்தச் சொல்லே என் அக்கறை. நெடுங்கால உரிமையை நீதிமன்றத்தில் காட்டுவதற்கு ஏடு வேண்டும். அந்த ஏட்டை எவரோ எழுதி, எவரோ காத்து, எவரோ அட்டவணைப்படுத்தியிருக்க வேண்டும். முத்துக்குளித்துறையின் சட்ட வரலாறு என்பது, என் பார்வையில், அந்த ஏடுகள் எந்த மொழியில் எந்த ஊரில் கிடக்கின்றன என்பதன் வரலாறே.

கன்னியாகுமரி முதல் ராமநாதபுரம் வரை நீளும் இந்தக் கரையை ஆண்டவர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் இது விளங்கும். போர்ச்சுகீசியர் 1530களில் இங்கே காலூன்றினர். பரதவர்கள் பெருந்திரளாக மதம் மாறியதும் அக்காலத்தில்தான். அவர்களுடைய ஆணைகள் போர்ச்சுகீசிய மொழியில் கோவாவுக்குச் சென்றன. கோவாவின் ஆவணக்காப்பகம் 1595இல் ஏற்பட்டது; அதன் முதல் காப்பாளர் வரலாற்றாசிரியரான தியோகோ தோ கோத்தோ. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவர்கள் காலத்தில் தூத்துக்குடி கொழும்பிலிருந்த ஆளுநரின் கீழ் நிர்வகிக்கப்பட்டது. சலாபம் நடத்துவது, கல்லுக்கு இவ்வளவு வரி என்று விதிப்பது, சச்சரவைத் தீர்ப்பது எல்லாம் டச்சு மொழியில் எழுதப்பட்டுக் கொழும்பிலும் ஹாலந்திலும் சேர்ந்தன. அதே சலாபத்தில் மதுரை நாயக்கருக்கும், பின்னர் ஆர்க்காட்டு நவாபுக்கும் உரிமை இருந்தது. ராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்கு அவர்கள் கடலில் தனி உரிமை. பரதவர்களின் சாதித்தலைவருக்குச் சலாபத்தில் தனக்கென ஒரு பங்கு. 1825இல் தூத்துக்குடி இறுதியாக ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது, ஒரே கடல் தரைக்கு ஐந்தாறு மொழிகளில் உரிமைப்பத்திரங்கள் இருந்தன.

நிலம் கைமாறும்போது தாய்ப்பத்திரமும் கூடவே கைமாறும் என்பது நம் ஊர் வழக்கம். முத்துக்குளித்துறை கைமாறியபோது ஏடுகள் அப்படி ஒரே இடத்திற்கு வந்து சேரவில்லை. சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் டச்சு ஏடுகள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி கொச்சியைச் சேர்ந்தது. தூத்துக்குடியைப் பற்றித் தேடுபவர் கடலைத் தாண்டிக் கொழும்புக்குப் போக வேண்டும். அங்குள்ள டச்சு ஏடுகளுக்கு முறையான அட்டவணை தயாரித்து 1943இல் வெளியிட்டவர் யூரியான்சே என்ற பெண் ஆவணக்காப்பாளர். இலங்கையில் டச்சுக்காரர்கள் பிறப்பித்த கட்டளைகளை எல். ஹோவி என்ற சட்ட வரலாற்றாசிரியர் தொகுத்து இரண்டு பெரும் தொகுதிகளாக 1991இல் வெளியிட்டார். கட்டளைகள் டச்சு மொழியிலேயே உள்ளன. டச்சுக் கம்பெனியின் ஆவணங்களை இந்தியா, இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளின் பொதுச்சொத்தாக யுனெஸ்கோ 2003இல் தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பொதுச்சொத்துதான், ஆனால் டச்சு படிக்கத் தெரிந்தவர்களின் பொதுச்சொத்து.

கடலின் மறுகரையில் இதற்கு மாறான ஒன்று நடந்ததை நினைவுகூர வேண்டும். யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்கங்களை எழுதித் தரும்படி டச்சு ஆளுநர் சிமோன்ஸ் ஆணையிட, கிளாஸ் ஈசாக்ஸ் என்ற அதிகாரி 1707இல் தொகுத்து முடித்தார். தேசவழமை என்று நாம் அறிவது அதைத்தான். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களிடம் தரப்பட்டது. அவர்கள் படித்துச் சரிபார்த்த பின்னரே நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதி மூலம் அதை ஏற்றனர். யாழ்ப்பாணத்து வழக்கறிஞர்கள் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அதே டச்சுக்காரர்கள், அதே கொழும்பு அரசு. ஆனால் இக்கரைக் குளியாளின் வழமைக்கு அப்படியொரு நூல் பிறக்கவில்லை. எந்தப் பாரில் யார் முதலில் இறங்குவது, சம்மாட்டிக்கு எவ்வளவு, கயிறு பிடிப்பவனுக்கு எவ்வளவு, மூச்சடக்கி மூழ்குபவனுக்கு எவ்வளவு என்ற நியாயமெல்லாம் வாய்மொழியாகவே இருந்தது. ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற மீன்வள அதிகாரிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றில் சிலவற்றைக் குறித்துவைத்தார்கள். ஆனால் அவை அதிகாரியின் அறிக்கைகள். சட்ட நூல்கள் அல்ல.

மறுபுறம், ஆட்சியாளரின் உரிமைக்கு ஏடுகள் குவிந்துகொண்டே இருந்தன. சுவிட்சர்லாந்துக்காரரான வத்தேல் 1758இல் எழுதிய நாடுகளின் சட்டம் பற்றிய நூலில், பஹ்ரைன், இலங்கை முத்துக்குளிப்புகள் ஒருவரின் உடைமையாக முடியும் என்று ஓர் இடத்தில் சொல்லிச் சென்றார். இலங்கை அரசு 1811இல் பிறப்பித்த ஒழுங்குவிதி, முத்துப்பார்களின் அருகே சுற்றித் திரியும் படகுகளைப் பறிமுதல் செய்ய அனுமதித்தது. பெரிங் கடலின் சீல்களைப் பற்றி அமெரிக்காவும் பிரிட்டனும் 1893இல் பாரிஸ் நடுவர் மன்றத்தில் வாதாடியபோது, அந்த இலங்கை விதி அங்கே எடுத்துக்காட்டாக வந்து நின்றது. பிரிட்டிஷ் சட்ட அறிஞர் செசில் ஹர்ஸ்ட் 1923இல் ‘கடலின் தரை யாருடையது?’ என்று கேட்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இலங்கையின் முத்துப்பார்கள் முக்கியமான சான்று.

முத்துப்பயலின் வழக்கும் இப்பயணத்தில் சேர்ந்தது. அதற்குக் காரணம் நூலகத்துறை சார்ந்தது. 1875ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகள் சட்டத்திற்குப் பின், உயர்நீதிமன்றத் தீர்ப்புகள் கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய், அலகாபாத் என்று நான்கு வரிசைகளாக 1876 முதல் அச்சாயின. ஒவ்வொரு தீர்ப்புக்கும் தலைக்குறிப்பு, பொருளடைவு, தொகுதி எண், பக்க எண். ‘27 மெட்ராஸ் 551’ என்று எழுதினால் உலகின் எந்த மூலையிலும் ஒரு நூலகர் அதை எடுத்துத் தர முடியும். ஜமீன் ஒழிப்புக்குப் பின், ராமநாதபுரம் சமஸ்தானத்திடம் சங்குக் குத்தகை எடுத்திருந்த ஒரு நிறுவனம் சென்னை மாநிலத்தின் மீது தொடுத்த வழக்கில், 1953இல் உயர்நீதிமன்றம் பழைய தீர்ப்பை மீண்டும் எடுத்துப் பேசியது. அந்தத் தீர்ப்பும் பன்னாட்டுச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்றது. 1958இல் ஜெனீவாவில் கண்டத்திட்டு உடன்படிக்கை உருவானபோது, கடல் தரையோடு ஒட்டியே வாழும், அல்லது தரையை விட்டு நீங்காமல் மட்டுமே நகரும் உயிர்கள் கரைநாட்டுக்கு உரியவை என்று எழுதப்பட்டது. பாறையைப் பற்றி நிற்கும் முத்துச்சிப்பியும் மணலில் ஊர்ந்து செல்லும் சங்கும் அந்த ஒரு வாக்கியத்திற்குள் அடங்கிவிடுகின்றன.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1961இல், தூத்துக்குடியின் கடைசிச் சலாபம் நடந்தது. உரிமை யாருடையது என்ற கேள்வி ஒருவாறு தீர்ந்தபோது குளிக்க முத்து இல்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இதைப் பழைய சரித்திரம் என்று மூடி வைத்துவிடலாம். 1921இல் சென்னையும் இலங்கையும் மீன்பிடிப்புக்காகக் கடலில் ஒரு கோடு போடப் பேசின. 1974இல் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் எல்லைக்கோட்டை வகுத்தன. 1976இல் அது மன்னார் வளைகுடாவுக்கு நீண்டது. அந்தக் கோட்டைத் தாண்டிச் செல்பவர் மீது பாய்வது இலங்கையின் 1979ஆம் ஆண்டின் 59ஆம் எண் சட்டம். 2018இல் திருத்தப்பட்டு அபராதங்கள் கடுமையாயின. தூத்துக்குடியை அடுத்த தருவைகுளத்து மீனவர்கள் 2024இல் கைதாகிப் புத்தளம் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். இதிலொரு முரண் உண்டு. இலங்கையில் நாடாளுமன்றச் சட்டங்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் வெளியிடப்படுகின்றன. நம் மீனவரைத் தண்டிக்கும் சட்டம் தமிழிலேயே இருக்கிறது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நீதிமன்ற மொழியும் தமிழ்தான். புத்தளம் அவற்றுக்கு வெளியே இருக்கிறது. அங்கே மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் கேட்க வேண்டும்.

அந்தச் சட்டத்தின் தமிழ்ப் பிரதி, 1974, 1976 உடன்படிக்கைகளின் வாசகம், அந்தக் கோட்டின் புள்ளிகள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்புப் பிரிவு — எல்லாம் சேர்த்தால் ஒரு மெல்லிய கோப்புதான் வரும். தூத்துக்குடியிலும் தருவைகுளத்திலும் வேம்பாரிலும் மீனவர் கூடும் இடங்களில், எவரும் எடுத்துப் படிக்கும்படி அது இருக்க வேண்டும். இணையம் வந்த பின் இவையெல்லாம் எங்கோ கிடைக்கின்றன என்பார்கள். ஹாலந்திலும் கொழும்பிலும்கூட எல்லாம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. தேவைப்படுபவரின் கைக்கெட்டும் தூரத்தில், அவருடைய மொழியில் அதை வைப்பதுதான் நூலகரின் வேலை. 1707இல் பன்னிரண்டு முதலியார்களின் கையில் ஒரு தமிழ்ப் பிரதி இருந்தது. முத்துப்பயலிடம் எதுவும் இல்லை.